பழைய வெர்ஷனில் ஒரு சுவர்

அத்தியாயம் 7

"ஏனுங்க, சுவத்துல ஓட்டை விட மறந்தது ஒரு குத்தமுங்களா? எங்க ஊட்டுச் சுவத்துல நான் விடாமயே ஏகப்பட்ட ஓட்டை இருக்குதுங்க" என்றான் பொன்னுத்துரை.

கான்ட்ராக்டர் பாலகுமார் சிரிக்கவில்லை. கனகமணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் பொன்னுத்துரைக்குத் தெரியும். அந்தச் சுவருக்கு அடியில் ஒரு பெண் செத்திருக்கிறாள், வாயை மூடு என்பதுதான் அர்த்தம். மூடிக்கொண்டான். அவன் வாய் மூடியிருந்தால் குன்னூரில் மழை நின்ற மாதிரி. ரொம்ப நேரம் நிலைக்காது.

கனகமணி முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவள். எரிந்த கடையையும் கவிழ்ந்த லாரியையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுப்பது வேலை. உண்மையை எழுதினால் மேலே பிடிக்கவில்லை, பொய் எழுத அவளுக்குப் பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேலே 'கனகமணி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். கீழே வர்க்கி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் போர்டைப் படித்துச் சிரிப்பார்கள். மீதிப் பேர் ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து அழுவார்கள். பொன்னுத்துரை அவளுடைய உதவியாளன், ஜீப் டிரைவர், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன்.

அப்படி அழுதுகொண்டு ஏறி வந்தவள்தான் அனுராதா. கோயமுத்தூரில் கட்டட வடிவமைப்பு ஆபீஸ் ஒன்றில் இன்ஜினீயர். அவளுடைய அப்பா ஏகநாதன், அருவங்காடு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கான்ட்ராக்டர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து வந்தார். மேல்காடு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கட்டிய தடுப்புச் சுவர் அவர் வரைந்தது. ஐப்பசி மழையில் அது அப்படியே சரிந்தது. மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த காத்தாயி அதற்கடியில் போய்விட்டாள்.

மலையில் தடுப்புச் சுவர் கட்டினால் மண்ணுக்குள் ஊறுகிற தண்ணீர் வடிய வரிசை வரிசையாக ஓட்டை விட்டு, அதில் குழாய் சொருக வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். இந்தச் சுவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. வரைபடத்திலும் இல்லை. வரைபடத்தில் ஏகநாதன் கையெழுத்து இருந்தது. நாளைக் காலை விசாரணை. 'என் தப்புதான்' என்று ஒத்துக்கொள்ளப் போவதாக ஏகநாதன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டால் ஜெயில்.

"எங்கப்பா ஓட்டை விடாம சுவர் வரைய மாட்டாருங்க மேடம்" என்று அனுராதா அழுதிருந்தாள். "குழாய்ச் செலவை மிச்சம் பண்ண அந்தக் கான்ட்ராக்டர்தான் ஃபைல்ல அழிச்சிருக்கணும். அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அதனால்தான் இருவரும் இப்போது பாலகுமார் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிரிண்ட்ல என்ன இருந்துச்சோ அதைக் கட்டினனுங்க" என்றார் பாலகுமார். "டிராயிங்ல இல்லாத ஒண்ணைச் சேர்த்தா எஸ்டேட்டுக்காரங்க பில்லை நிறுத்திருவாங்க."

"நீங்க இந்த மலையில பொறந்தவர். தண்ணி எப்படிப் போகும்னு உங்களுக்குத் தோணலியா?"

பாலகுமார் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். "தோணுச்சுங்க. ஆனா ஏகநாதன் அய்யா வரைஞ்சது. அவர் விடலைன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சுட்டனுங்க. அவர்கிட்டப் போயி நான் கேக்கறதா?"

மரியாதை என்ற பெயரில் வாயை மூடிக்கொள்வது நம் ஊரில் பெரிய நோய். அதற்கு மருந்தும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது.

"ஃபைலைப் பார்க்கலாமா?"

உள் அறையில் மாலதி இருந்தாள். அந்த ஆபீஸின் வரைபடங்களைப் பார்த்துக்கொள்கிறவள். சுவரின் வரைபடம் திரையில் வந்தது. வழுவழுவென்று ஒரு வெற்றுச் சுவர்.

"உங்க முதலாளி இதுல எதையாவது அழிச்சிருந்தா கண்டுபிடிக்க முடியுமா?" என்று கனகமணி கேட்டாள். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"முடியுங்க. எங்க சிஸ்டம் எல்லாத்துலயும் படம் வரையற சாஃப்ட்வேர் புது வெர்ஷன். இதுல திறந்து சேவ் பண்ணுனா ஃபைலும் புதுசா மாறிரும். இது இன்னும் பழைய வெர்ஷனாவே இருக்குது. கடைசியா சேவ் ஆனது ஏகநாதன் அய்யாவோட கம்ப்யூட்டர்லதான். எங்ககிட்ட வந்த பின்னாடி யாரும் தொடலீங்க."

"புதுசா மாறினா என்ன ஆகும்?"

"அப்புறம் அய்யாவால திறக்க முடியாதுங்க. புதுசு பழசைப் படிச்சுக்கும். பழசுக்குப் புதுசைப் படிக்கத் தெரியாது."

"எம்பையன் போன்ல டைப் பண்றது எனக்குப் புரியாது, நான் திட்டறது அவனுக்கு நல்லாப் புரியும். அதுதானுங்களே?" என்றான் பொன்னுத்துரை.

மாலதி சிரித்துவிட்டாள். பாலகுமார் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். பொன்னுத்துரைக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. வரும் வழியெல்லாம் பாலகுமாரைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். எல்லாம் வீண்.

கனகமணி எழுந்திருக்கவில்லை. "இந்தப் படத்துல இருக்கற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பேர் இருக்குமில்ல? அந்தப் பேரையெல்லாம் காட்டு."

பேர்கள் வரிசையாக வந்தன. கல், கான்கிரீட், மண், அளவுகள். மாலதியின் கை நடுவில் ஒரு இடத்தில் நின்றது.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

"என்ன அது?"

"புது வெர்ஷனோட ஒரு டூல் விக்கறாங்க. பெரிய ஆபீஸ்ல எல்லாம் வாங்கி வச்சிருக்காங்க. சுவத்தைக் காட்டுனா அதுவே கணக்குப் பண்ணி வரிசையா வடிகுழாய் போட்டுக்கும். அது போட்ட குழாய்க்கு இந்த மாதிரித்தான் பேர் விழும். ஆனா இங்க பேர் மட்டுந்தான் இருக்குது. படத்துல குழாயே இல்லீங்க."

"ஏகநாதன் கம்ப்யூட்டர்ல அந்த டூல் இருக்குமா?"

"ஏதுங்க! அதுல போடவே முடியாது. புதுசுல குழாய் போட்டுட்டு, அப்புறம் யாரோ பழைய வெர்ஷனா மாத்திக் குடுத்திருக்காங்க. மாத்தும்போது அந்தக் குழாய்ங்க பழசுக்குப் புரியாமப் போயிருக்கும். அதை அங்க திறந்து ஒருக்கா சேவ் பண்ணிட்டா, குழாய் சுத்தமாப் போயிரும். பேர் மட்டும் தங்கிரும்."

கனகமணி சட்டென்று எழுந்து வெளியே நடந்தாள். நன்றிகூடச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் ஓடி வந்த பொன்னுத்துரை ஜீப்பைக் கிளப்பினான். வெலிங்டன் போகிற சாலையில் பனிமூட்டம் இறங்கி, எதிரே வந்த மினி பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

"ஏனுங்கக்கா, அப்போ வில்லன் புது வெர்ஷன் வச்சிருக்கற ஒருத்தன். ஏகநாதன் ஐயாவுக்குப் போட்டியா படம் வரையற எவனோ ஒருத்தன். கரெக்டுங்களா?"

"போட்டிக்காரன் எதுக்குடா ஓட்டை போடறான்? ஓட்டை போட்டுத்தானே இருக்கான், அழிக்கலியே."

"சரி, போட்டான். அப்புறம்?"

"அப்புறம் அதைப் பழைய வெர்ஷனா மாத்தியிருக்கான். புது வெர்ஷன் வச்சிருக்கறவன் யாரும் அதைச் செய்ய மாட்டான். சேவ் பண்ணு, அனுப்பு, முடிஞ்சுது. இவன் வேலை மெனக்கெட்டு, அந்தப் பெரியவரோட பழைய கம்ப்யூட்டர்ல திறக்கணுமேன்னு யோசிச்சு மாத்தியிருக்கான். ஒருத்தரைக் கெடுக்க நெனக்கறவன், அவருக்குத் திறக்குமா திறக்காதான்னு கவலைப்படுவானா?"

பொன்னுத்துரை யோசித்தான். "மாட்டானுங்க."

"எதிரி யாரும் இல்லடா இதுல." அப்போ யாருங்க என்று பொன்னுத்துரை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

ஏகநாதன் வீடு சரிவில், படி இறங்கிப் போகிற வீடு. அவரே கதவைத் திறந்தார். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, மேலே ஸ்வெட்டர், ஆபரேஷன் செய்த கண்ணுக்கு இன்னும் கறுப்புக் கண்ணாடி. நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வேட்டியும் சட்டையும் இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்கூட அவ்வளவு அக்கறையாக எடுத்து வைக்க மாட்டார்.

"வாங்கம்மா. எம்பொண்ணு வீணா உங்களை அலைய விடறா. தப்பு என்னுதுதாங்க. வயசாச்சு, கண்ணு தெரியலை, மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"ஃபைல் உங்ககிட்ட இருக்குங்களா?"

"எல்லாம் போச்சுங்க. கரண்ட்டு வந்து வந்து போனதுல கம்ப்யூட்டர்ல எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"எங்க மச்சான் குந்தாவுல கரண்ட்டு தயாரிக்கற எடத்துல இருக்கறானுங்க. எங்க ஊட்டுலயே கரண்ட்டு இல்ல. நீங்க சொல்றது நம்பற மாதிரித்தான் இருக்குது" என்றான் பொன்னுத்துரை. சொல்லிக்கொண்டே, டவல் போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினான். அது முனகிக்கொண்டே உயிர் பெற்றது. பழைய வரைபடங்கள் எல்லாம் வருஷவாரியாகப் பத்திரமாக இருந்தன. மேல்காடு சுவர் மட்டும் இல்லை.

கனகமணி அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உங்க மெயிலைக் கொஞ்சம் பார்க்கலாமுங்களா?"

"தாராளமாப் பாருங்க" என்றார் ஏகநாதன். அவ்வளவு தாராளமாகச் சொல்கிறவர்களைக் கனகமணி இன்சூரன்ஸ் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

பாலகுமாருடைய மெயில்கள் இருந்தன. பேங்க், கண் ஆஸ்பத்திரி, கூட வேலை பார்த்தவர்கள் தினமும் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கங்கள் எல்லாம் இருந்தன. 'சுவர் டிராயிங் கிடைத்தது, நன்றி' என்று பாலகுமார் அனுப்பியதுகூட இருந்தது. கனகமணி கீழே கீழே போனாள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்க மக உங்களுக்கு மெயிலே அனுப்பறதில்லீங்களா?"

"போன்ல பேசுவாங்க."

"ஊர்ல இருக்கறவங்கெல்லாம் உங்களுக்கு ரோஜாப்பூ அனுப்பறாங்க. கோயமுத்தூர்ல ஒரே தொழில்ல இருக்கற பொண்ணு ஒரு வரிகூட அனுப்பலை." கனகமணியின் குரல் இறங்கியிருந்தது. "உங்களை மாட்டி விடற மெயிலைப் பத்திரமா வச்சிருக்கீங்க. அவ பேரை மட்டும் தேடித் தேடித் தொடச்சிருக்கீங்க. தப்புப் பண்ணுனவங்க அவங்க ரேகையைத்தாங்க அழிப்பாங்க. நீங்க இன்னொருத்தர் ரேகையை அழிச்சிருக்கீங்க."

ஏகநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிவந்துபோன கண் தெரிந்தது. அது ஆபரேஷனால் சிவந்தது இல்லை.

"அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க" என்றார். "உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

பொன்னுத்துரை அவரைப் பிடித்து இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தான். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கண் ஆபரேஷன் முடிந்த வாரம், பாலகுமார் அவசரப்படுத்தினார். அரைகுறைப் பார்வையோடு சுவரை வரைந்து, சரி பார்க்கச் சொல்லி மகளுக்கு அனுப்பினார். வழக்கமாக அப்படித்தான். அவருடைய கம்ப்யூட்டர் பழசு, மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை. அதனால் அவள் புது வெர்ஷனில் திருத்தி, அவருக்காகப் பழையதாக மாற்றி அனுப்புவாள். இந்தத் தடவையும் அனுப்பினாள்.

"அவ ஃபைலைத் திறந்தா எப்பவுமே ஒரு சின்னப் பொட்டி வருமுங்க. அந்த எழுத்து இல்ல, இந்த எழுத்து இல்லைன்னு இங்கிலீஷ்ல என்னமோ சொல்லும். நான் படிக்காம ஓகே அமுக்கிருவேன். அன்னிக்கும் அமுக்கினேன். தேதி போட்டு, பேர் போட்டு, சேவ் பண்ணிக் குடுத்துட்டேன். படத்தைப் பார்க்கவே இல்லீங்க. எம்பொண்ணு பார்த்தது, அதை நான் எதுக்குப் பார்க்கணும்?" அவர் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுவரு விழுந்த அன்னிக்கு அவ அனுப்புனதை மறுபடியும் திறந்தேன். அந்தப் பொட்டி வந்துச்சு. அன்னிக்குத்தான் அதை மொதல் தடவையா முழுசாப் படிச்சேன். சில பொருளைக் காட்ட முடியலைன்னு எழுதியிருந்துச்சுங்க."

கையில் இருந்த கறுப்புக் கண்ணாடியை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"அவ எத்தனையோ கட்டடம் வரையணுமுங்க. ஜனங்க அதுல குடியிருக்கணும். இது தெரிஞ்சா, அவ இனிமே ஒரு கோடு போட மாட்டா. நான் வரைஞ்சு முடிச்சவன். நான் போறேன். ஆண்டிகிட்டப் போயி, காத்தாயி ஊட்டுக்காரன்கிட்ட, என் தப்புன்னு சொல்லிட்டேன். அந்த மனுசன் என்னை அடிக்கக்கூட இல்லீங்க. உள்ள போயி எனக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்து போட்டான்."

கனகமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டுபிடிக்கத்தான் அவளுக்குக் கூலி. கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் இதைக் கொண்டுபோய் யார் கையில் கொடுப்பது? கொடுக்கச் சொன்னவளே அதைத் தாங்க வேண்டியவள்.

"சரிங்க" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணும் பிடிபடலைன்னு சொல்லிக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் ஒரு கேஸில் தோற்றுப்போனதாகச் சொல்ல அவளாக ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பொன்னுத்துரை அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளைப் பற்றி அவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அது இன்னும் கொஞ்சம் கூடியது.

அந்த நேரம் பார்த்து வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா! மேடம் வந்துட்டாங்களா?" அனுராதா படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பு துளிகூட முகத்தில் இல்லை. ஈரத் தலையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், லேப்டாப் பையை மேஜைமேல் வைத்தாள். "கிடைச்சிருச்சுங்க மேடம்! ஆபீஸ் சிஸ்டத்துல என் காப்பி இருந்துச்சு. எத்தனையோ படம் பார்த்துக் குடுத்ததுல, இதையும் நான்தான் பார்த்தேன்கறதே மறந்துபோச்சு. இங்க பாருங்க!"

லேப்டாப் திரையில் அதே சுவர். ஆனால் இதில் மூன்று வரிசையாக, முத்துக் கோத்த மாதிரி வடிகுழாய் ஓட்டைகள்.

"அப்பா ஒவ்வொண்ணாக் கையால வட்டம் போட்டிருந்தாரு. கண்ணு தெரியாம ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. பார்க்கவே பாவமா இருந்துச்சு. அதையெல்லாம் எடுத்துட்டு, புது டூல்ல நான்தான் அழகாப் போட்டுக் குடுத்தேன். இதை அந்த ஆளு அழிச்சிருக்கான், பாருங்க! நாளைக்கு இதைக் காட்டுனா போதுமுல்ல?" அவள் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என் தப்பு என் தப்புன்னு சொல்லிட்டிருந்தீங்களே, பாருங்கப்பா. நீங்க ஓட்டை விட்டிருக்கீங்க."

ஏகநாதன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அனுராதா, நான் பாலகுமாரை விசாரிச்சுட்டேன்" என்றாள் கனகமணி. "அவர் தொட்ட மாதிரி தெரியலை. எனக்கு இதுல ஒண்ணும் பிடிபடலைம்மா."

"இதைவிட என்ன வேணுங்க மேடம்? இருங்க, ஒரு பிரிண்ட் எடுத்துத் தந்துடறேன்."

பெரிய தாளில் அடிக்கிற பிரிண்டர் அந்தப் பழைய கம்ப்யூட்டரோடுதான் இணைந்திருந்தது. லேப்டாப்பில் இருந்து அடிக்க முடியாது.

"இங்க் இல்ல கண்ணு" என்றார் ஏகநாதன் அவசரமாக.

"போன தடவை வந்தப்போ நான்தானப்பா மாத்தினேன்?"

"இன்னைக்கு பவர் கட்டுங்க" என்றான் பொன்னுத்துரை. "குந்தாவுல இருக்கற எங்க மச்சான் சொன்னான். இப்ப நிறுத்திருவாங்க. மெஷின் பாதியில நின்னா கெட்டுப்போயிருமுங்க. வேண்டாம் அம்மிணி."

தலைக்குமேல் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் நூறு வார்த்தை கொட்டுகிறவனுக்கு, அன்றைக்கு இதைவிட நல்ல பொய் அகப்படவில்லை.

அனுராதா லேப்டாப்பில் 'சேவ் ஆஸ்' அழுத்தினாள். வெர்ஷன் வரிசையில் கீழே கீழே போய், கடைசிக்கு முந்தினதைத் தேர்ந்தெடுத்தாள். "இதை எங்கப்பாவுக்காக எத்தனை தடவை பண்ணியிருப்பேன் மேடம்! ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க, உங்கப்பா மியூசியமான்னு. இவரு புதுசுக்கு மாற மாட்டாரு. சரி, நாம பழசுக்குப் போகலாம், அவ்வளவுதானே?" பென் டிரைவை எடுத்துப் பழைய கம்ப்யூட்டரில் சொருகினாள்.

கனகமணி அவள் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். பிடித்தால் ஏன் என்று கேட்பாள்.

ஃபைல் திறந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அனுராதா அதைப் படிக்கவில்லை. விரல் தானாக ஓகே அழுத்தியது.

சுவர் வந்தது. கல் இருந்தது, மண் இருந்தது, அளவுகள் இருந்தன.

அனுராதா மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். இந்தத் தடவை பெட்டி வந்தபோது அவள் கை அசையவில்லை. அதில் இருந்த நாலு வரியையும் படித்தாள். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பக்கத்தில் லேப்டாப்பில் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. இங்கே இல்லை.

"அப்பா."

"கண்ணு."

"நான் அனுப்புனது உங்களுக்கு இப்படித்தான் வந்துச்சுங்களா?"

"இல்ல கண்ணு. ஓட்டையெல்லாம் இருந்துச்சு. நான்தான் கைதவறி அழிச்சுட்டேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள் அவள், ரொம்ப மெதுவாக. "உங்களுக்கு அது வராது."

ஏகநாதன் கம்ப்யூட்டர் டவலை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"அவங்க பேரு காத்தாயிதானே? அவங்களுக்கு என்ன வயசுப்பா இருக்கும்?"

மகள் கேட்டுவிட்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. "உன்ற வயசுதான் கண்ணு."

அனுராதா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அழுவாள் என்று கனகமணி எதிர்பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நீ கேளு அம்மிணி" என்று ஏகநாதன் முன்னால் வந்தார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "அந்தப் பொட்டியில ஓகே அமுக்கினது நானு. படத்தைப் பார்க்காம குடுத்தது நானு. கையெழுத்து என்னுது. நீ எனக்கு ஒத்தாசைதான் பண்ணுனே, ஒத்தாசை பண்ணுனவங்க மேல சட்டமில்ல. நாளைக்கு நான் போயி ஒத்துக்கறேன், முடிஞ்சுது. நீ இப்பவே கோயமுத்தூர் பஸ்ஸைப் புடி. இவங்க ரெண்டு பேரும் வெளிய சொல்ல மாட்டாங்க. சொல்லுங்கம்மா, சொல்ல மாட்டீங்கதானே?"

கனகமணி தலையை ஆட்டினாள். பொன்னுத்துரை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது.

அனுராதா யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய கம்ப்யூட்டரின் மவுஸைப் பிடித்தாள். வெற்றுச் சுவரின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பழைய வெர்ஷனில் தானாக வரிசை கட்டுகிற டூல் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். ஒரு வட்டம் மேலே ஏறியது, அடுத்தது கீழே இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. இன்னொன்று. இன்னொன்று.

"என்ன கண்ணு பண்றே?"

"போட்டுடறேங்கப்பா. கொஞ்சந்தான் இருக்குது. இப்பப் போட்டுடறேன்."

ஏகநாதன் குனிந்து, மவுஸின் மேல் இருந்த அவள் கையைத் தன் கையால் மூடினார்.

"சுவரு விழுந்துபோச்சு கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அந்த அழுகையை எழுத எனக்குத் தைரியம் இல்லை. வெளியே பனி விலகி, எதிர்ச் சரிவில் தேயிலைக் காடு முழுசாகத் தெரிகிற வரைக்கும் அழுதாள். கனகமணியும் பொன்னுத்துரையும் வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். போகவும் மனசில்லை, இருக்கவும் முடியவில்லை.

அழுகை நின்ற பிறகு உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கனகமணி திரும்பிப் பார்த்தாள். அனுராதா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்த அப்பாவின் சட்டையைக் கையில் எடுத்தாள். ஒரு பொத்தான் தளர்ந்து தொங்குவதைப் பார்த்தாள்.

"ஊசி நூல் எங்கங்கப்பா இருக்குது?" என்றாள். "நாளைக்கு ரெண்டு பேரும் போலாங்கப்பா."